மரமும் நரம்பும்

நரம்புக் கருவிகள் தமிழ் மக்களுக்குப் புதியன அல்ல. பேரியாழும் சீறியாழும் பயின்ற பாணர் மரபு மறைந்த பின்னும், வீணை நம்மிடையே நின்று நிலவுகின்றது. அவ்வரிசையில் அண்மையில் வந்து சேர்ந்த விருந்து, பாஸ் கிதார் என்னும் மேனாட்டுக் கருவியாகும். சிற்றூர்த் திருச்சபைகளின் பாடகர் குழுக்களிலும் இக்காலத்தே அதன் ஆழ்ந்த ஒலி கேட்கப்படுகின்றது. பண்டையோர் மெலிவு என்றும் பிற்காலத்தார் மந்தர ஸ்தாயி என்றும் வழங்கிய தாழ்ந்த ஒலியை எழுப்பிப் பாடலைத் தாங்குவதே அதன் தொழில். கேட்போர் அதனைத் தனியே கவனியார். அது நின்றுவிடின், பாடல் நிலைகுலைந்ததை மட்டும் உடனே உணர்வர்.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியிலே, ஆந்திர எல்லைக்கு அணித்தாயுள்ள எளாவூரில், கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் உழைக்கும் இளைஞர் சிலர் தம் ஆலயப் பாடகர் குழுவிற்கு ஒரு பாஸ் கிதார் செய்விக்க விரும்புகின்றனர். மாதந்தோறும் ஊதியத்தில் ஒதுக்கிய சிறுதொகைகளே அவர்தம் முதல். மலிவான கருவி ஓரிரு மழைக்காலங்களிற் கழுத்து வளைந்து பயனற்றுப் போதலை அவர்கள் கண்டுள்ளனர். உயர்ந்த கருவியின் விலையோ அவர்கள் கைக்கு எட்டுவதன்று. ஆதலின் தேர்ந்த தச்சர் ஒருவரைக் கொண்டு செய்வித்துக்கொள்ளத் துணிந்தனர். எம்மரம் கொள்வது, எத்தந்தி பூட்டுவது, என்ன அளவு குறிப்பது என்பன அவர்கள் நம்மை வினவிய வினாக்கள். அவர்களுக்கும், அவர்போல் பிற ஊர்களிற் கருவி செய்விக்க எண்ணும் அன்பர்க்கும் பயன்படுமாறு இப்பொருளை ஈண்டு ஆராய்வோம்.

முன்னோர் கண்ட குற்றங்கள்

கருவிக்கு மரம் தெரிதல் நம் முன்னோர் நுணுகி ஆராய்ந்த ஒரு கலை. பொருநராற்றுப்படை முதலிய பாட்டுக்களில் யாழின் பத்தர், போர்வை, கோடு, திவவு, நரம்பு ஆகிய உறுப்புக்கள் ஒவ்வொன்றும் உவமை வாயிலாக விளக்கப்பட்டுள்ளன. சீவக சிந்தாமணியிற் காந்தருவதத்தையை இசையில் வெல்லப் புகுந்த சீவகன், தன்முன் வைத்த யாழ்களை ஒவ்வொன்றாக எடுத்து நோக்கி, நீரில் நின்று இளகிய மரத்தாலாயது ஒன்று, வாட்புண் உற்ற மரத்தாலாயது ஒன்று, இடியேறு உண்டது ஒன்று எனக் குற்றம் காட்டி விலக்குகின்றான். நரம்பிலே மயிர் மறைந்திருத்தலையும் அவன் எடுத்துக் காட்டுகின்றான். கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என நரம்பின் குற்றம் நான்கென்று இசைநூலாரும் வகுத்தனர்.

இவை புலவர் கற்பனை என்று தள்ளத் தக்கன அல்ல. நீரில் நின்ற மரத்தில் நார் தளரும். வெட்டுப்பட்ட மரத்தில் நார் அறுபடும். இடியுண்ட மரத்தின் உள்ளே கண்ணுக்குப் புலனாகாத வெடிப்புக்கள் இருக்கும். சீரற்ற நரம்பு ஓரிடத்திற் கனத்தும் ஓரிடத்தில் மெலிந்தும் அதிர்வதால் சுருதி தூயதாய் நில்லாது. சீவகன் பார்த்தவற்றையே இன்று மரக்கடைக்குச் செல்லும் நாமும் பார்த்தல் வேண்டும்.

திருமறையிலும் இத்தகைய செய்தி ஒன்று உண்டு. ஓபீரிலிருந்து கப்பலில் வந்த அல்மக் என்னும் மரத்தாற் சாலொமோன் அரசன் பாடகர்க்கு நரம்புக் கருவிகள் செய்வித்தான் என்பது இராஜாக்களின் முதற் புத்தகம் 10-ஆம் அதிகாரத்தில் உள்ளது. அம்மரம் செஞ்சந்தனம் என்று கருதும் அறிஞரும் உளர். அச்செஞ்சந்தனமோ எளாவூருக்கு மேற்கே ஆந்திர நாட்டுச் சேஷாசல மலைகளில் இயற்கையாய் வளர்வது. எனினும் அது கடுங்காவலில் உள்ள மரமாதலின் நம் தச்சர் அதனை நாடற்க.

நரம்பின் விதி

மரத்தைப் பற்றிப் பேசுமுன் நரம்பின் விதியை அறிதல் வேண்டும். 1636-இல் மெர்சென் என்னும் பிரஞ்சுத் துறவி வெளியிட்ட நூலில் அவ்விதி தெளிவாக உரைக்கப்பட்டது. தந்தியின் ஒலி மூன்றனைப் பொறுத்தது. அவை நீளம், இழுவிசை, கனம் என்பன. ஒலியை ஒரு ஸ்தாயி தாழ்த்த வேண்டின், நீளத்தை இருமடங்காக்கலாம். அல்லது இழுவிசையைக் காற்பங்காகக் குறைக்கலாம். அல்லது அதே நீளத்துத் தந்தியின் கனத்தை நான்மடங்காக்கலாம்.

சாதாரணக் கிதாரின் தடித்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கின்றது. அதன் நீளம் சுமார் 65 செ.மீ. பாஸ் கிதாரின் தடித்த தந்தி அதனினும் ஒரு ஸ்தாயி தாழ்ந்து வினாடிக்கு 41 முறை அதிர்தல் வேண்டும். நீளத்தை மட்டும் கூட்டினால் 130 செ.மீ. ஆகும், அதனைக் கையால் எட்டி வாசித்தல் இயலாது. இழுவிசையை மட்டும் குறைத்தாலோ தந்தி தொய்ந்து மெட்டுக்களில் மோதி இரையும். ஆகவே நீளத்தைச் சிறிது கூட்டி, கனத்தைப் பெரிதும் கூட்டுதலே வழி.

இக்கருவியின் வரலாறு இவ்விதியை ஒட்டியே சென்றது. வயலின் குடும்பத்துப் பெரிய பாஸ் ஆளுயரத்தினும் மிக்கது; அதன் தந்தி ஏறத்தாழ 105 செ.மீ. நீளமுடையது. அதனைச் சுமக்கும் இடர் நீங்க, 1930-களில் அமெரிக்காவிலுள்ள சியாட்டில் நகரத்துப் பால் டுட்மார்க் என்பார், மெட்டுக்கள் பதித்து மார்பிற் சார்த்தி வாசிக்கும் மின்சாரப் பாஸ் ஒன்றைச் செய்தார். 1951-இல் லியோ பெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பாஸ் என்னும் கருவியே உலகெங்கும் பரவியது. அவர் கொண்ட 34 அங்குலம், அதாவது 86.4 செ.மீ., இன்றும் பெரும்பாலோர் மேற்கொள்ளும் அளவாக உள்ளது.

நீளமும் மெட்டும்

எளாவூர் அன்பர் முதலில் முடிவு செய்யத்தக்கது தந்தியின் எண்ணும் நீளமும் ஆகும். ஐந்து தந்திக் கருவியில் தடித்த தந்தி வினாடிக்கு 31 முறை அதிரும். கேட்பதற்கு அது விரும்பத்தக்கதே. ஆயினும் சிறிய ஆலயங்களில் உள்ள ஒலிபெருக்கிகள் 50-க்குக் கீழ்ப்பட்ட அதிர்வுகளைச் செவ்வனே வெளியிடுதல் அரிது. கேளாத ஒலிக்காகக் கழுத்தை அகலமாக்கிப் பொருளும் செலவிடுதல் வீண். ஞானப்பாட்டுக்களுக்கும் கீர்த்தனைகளுக்கும் ஈ, ஏ, டி, ஜி என்னும் நான்கு தந்திகள் போதும். நீளம் 86.4 செ.மீ. கொள்க. வாசிப்போர் சிறு கையினராயின் 76 செ.மீ. நீளமுள்ள குறுங்கருவியும் தக்கதே.

வீணையில் மெட்டுக்கள் மெழுகிற் பதிக்கப்படுகின்றன. தஞ்சையில் இரகுநாத நாயக்கர் காலத்தே, 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், 24 மெட்டுக்கள் நிலைபெற்றன என்பர். மெழுகை இளக்கி அவற்றைத் திருத்தலாம். கிதாரின் மெட்டுக்களோ மரத்தில் அறுத்து அடிக்கப்படுவன. பிழைபடின் திருத்தல் அரிது. ஆதலின் கணக்கு முந்துதல் வேண்டும். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலில் தந்தியின் நீளத்தைக் கணித்தே சுருதிகளை ஆராய்ந்தார். இசையைக் கணக்கால் அளத்தல் நம் நாட்டுத் திருச்சபை மக்களுக்கும் பழகிய வழியே என்பது அதனாற் பெறப்படும்.

கணக்கு எளிது. முழு நீளத்தை 17.817-ஆல் வகுக்க வருவது மேருவிலிருந்து முதல் மெட்டின் தூரம். 864 மி.மீ. நீளத்திற்கு அது 48.5 மி.மீ. ஆகும். எஞ்சிய நீளத்தை மீண்டும் அவ்வெண்ணால் வகுத்தால் அடுத்த இடைவெளி கிடைக்கும். இவ்வாறே செல்லின் 12-ஆம் மெட்டு நீளத்தின் சரிபாதியில் வந்து நிற்கும்; நில்லாதாயின் கணக்கிற் பிழை உண்டென்க. 19-ஆம் மெட்டிற்கும் 20-ஆம் மெட்டிற்கும் இடைவெளி 16 மி.மீ. மட்டுமே. அங்கே ஒரு மி.மீ. தவறினால், முதல் மெட்டில் அவ்வளவே தவறுவதினும் மும்மடங்கு சுருதி கெடும். இன்னொன்றும் குறிக்கத்தக்கது. ஒரு மெட்டிலிருந்து அடுத்ததை அளந்து செல்லின் சிறுபிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாய்த் திரளும். ஒவ்வொன்றையும் மேருவிலிருந்தே அளத்தல் வேண்டும்.

குரலும் எலும்பும்

இனி மரத்திற்கு வருவோம். மரவகையை முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறவற்றைப் பின்னர் எண்ணுதல் பலருடைய வழக்கம். வீணைக்கு அது பொருந்தும். தஞ்சாவூர் வீணை முதிர்ந்த பலாமரத்தாற் செய்யப்படுவது. குடமும் தண்டியும் ஒரே துண்டிற் குடையப்பட்டது சிறப்புடையது. துண்டுகளை இணைத்தது ஒட்டு வீணை எனப்படும். தந்தியின் அதிர்வு குதிரை வழியே மேற்பலகையை அடைந்து, பலகையும் குடத்துட் காற்றும் உடன் அதிர்வதாலேயே நம் செவிக்கு ஒலி எட்டுகின்றது. மெல்லிய தந்தி தானே காற்றை அசைத்தல் மிகச் சிறிது. ஆகவே வீணைக்கு மரமே குரல். 2013-இல் தஞ்சாவூர் வீணை புவிசார் குறியீடு பெற்றது, இம்மரத்தொழிலின் தனிச்சிறப்பிற்குச் சான்றாகும்.

மின்சாரப் பாஸ் கிதாரின் நிலை வேறு. அதன் உடல் குடம் அன்று. பெரும்பாலும் கெட்டியான பலகை. தந்திகளுக்குக் கீழே காந்தமும் அதனைச் சுற்றிய செப்புக்கம்பிச் சுருளும் அமைந்த பிக்கப் என்னும் உறுப்பு உண்டு. இரும்புத் தந்தி காந்தத்தின்மேல் அசையுங்கால் சுருளில் மின்சாரம் எழுகின்றது. 1831-இல் பாரடே கண்ட உண்மையே இது. அம்மின்சாரமே ஒலிபெருக்கியை அடைகின்றது. பலகையின் அதிர்வைப் பிக்கப் நேரே கேட்பதில்லை. எனவே இம்மரம் இனியது, அம்மரம் இன்னாதது என்று பெருவிலை கொடுத்தல் இக்கருவியில் அத்துணைப் பயன் தராது.

அற்றேல் மரம் எதற்கு? தாங்குதற்கு. நான்கு தந்திகளும் சேர்ந்து 70 முதல் 90 கிலோகிராம் வரையுள்ள விசையோடு கழுத்தை இரவும் பகலும் இழுக்கின்றன; வளர்ந்த ஆடவர் ஒருவர் அதன் நுனியில் தொங்குவது போன்றது அது. கழுத்து வளைந்தாற் சுருதி கெடும்; தந்தி மெட்டில் உரசும்; வாசிப்போர் விரல் நோகும். வீணைக்கு மரம் குரலாயின், பாஸ் கிதாருக்கு மரம் எலும்பு. இவ்வேறுபாட்டை உணர்ந்தவர் பொருளை எங்கே செலவிட வேண்டும் என்பதையும் உணர்வர். உடற்பலகையில் மிச்சம் பிடித்துக் கழுத்தில் செலவிடுதலே அறிவுடைமை.

மரம் தெரிதல்

மேனாட்டார் கழுத்திற்கு மேப்பிள் மரத்தையும், உடலுக்கு ஆல்டர், ஆஷ் என்னும் மரங்களையும் கொள்வர். இவை குளிர்நாட்டு மரங்கள்; அங்கே எளிதிற் கிடைப்பதாற் கொள்ளப்பட்டவை. அவர் தம் நாட்டு மரத்தைத் தெரிந்தவாறே நாமும் நம் நாட்டு மரத்தைத் தெரிதல் தகும்.

கழுத்திற்குத் தேக்கு நன்று. ஈரப்பதம் மாறினும் அது பெரிதும் சுருங்காது, விரியாது. மரம் நீளவாட்டில் மாறுதல் மிகக் குறைவு. குறுக்கே மாறுதல் மிகுதி. குறுக்கேயும், ஆண்டு வளையத்தின் போக்கில் மாறுவது, வளையங்களை ஊடறுத்த திசையில் மாறுவதைப் போல் ஏறக்குறைய இருமடங்கு. ஆதலின் வளையங்கள் பலகையின் முகத்திற்குச் செங்குத்தாய் நிற்குமாறு அறுத்த பலகையைக் கேட்டுப் பெறுக. ஒரே துண்டைக் காட்டிலும், இரு தேக்குப் பட்டைகளுக்கு நடுவே தோதகத்திப் பட்டை ஒன்றை வைத்து ஒட்டிய கழுத்து உறுதி மிக்கது. ஒரு பட்டை ஒருபுறம் வளைய முயலின் மற்றது தடுக்கும். தேக்கில் இயற்கையான எண்ணெய் உண்டு. ஒட்டுமுன் அம்முகத்தைத் துடைத்து எண்ணெய் நீக்காவிடிற் பசை பற்றாது. கழுத்தினுள்ளே முறுக்கித் திருத்தத்தக்க எஃகுக்கோல் ஒன்று இன்றியமையாதது. கோடைக்கு ஒருமுறையும் வடகிழக்குப் பருவமழைக்கு ஒருமுறையும் அதனைத் திருத்திக் கழுத்தை நேராக்கலாம்.

விரற்பலகைக்கு, ஈட்டி என்றும் வழங்கும் தோதகத்தி உலகப் புகழ் பெற்றது. நம் மேற்கு மலைத்தொடரின் மரம், கடல் கடந்து உலகத்துக் கிதார்களிற் பயின்று வருகின்றது. அம்மரம் அருகியதால் 1994-இல் தமிழ்நாட்டில் அதனைக் காத்தற்கெனத் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. 2017 முதல் அவ்வினத்து மரங்களின் பன்னாட்டு வாணிகமும் கட்டுப்பாட்டின்கீழ் வந்தது. ஆதலின் முறையான சீட்டுடன் விற்பவரிடமே வாங்குதல் வேண்டும். இறைவனைத் துதிக்கும் கருவியிற் களவு மரம் கலத்தல் ஆகாது. விரற்பலகைக்கு வேண்டுவது சிறு பலகையே.

உடலுக்கு எடையே முதற் கருத்து. உடலின் கனவளவு நாலரை லிட்டர் என்று கொள்வோம். ஆல்டர் மரமாயின் ஏறத்தாழ 2 கிலோ எடையாகும், தேக்காயின் 3 கிலோ, தோதகத்தியாயின் 3.7 கிலோ. கழுத்து, குதிரை, பிரடைகள் ஆகியவற்றின் எடை இதனோடு சேரும். இரண்டு மணி நேர ஆராதனையில் இவ்வெடை முழுவதையும் ஒரு தோள் தாங்க வேண்டும். உடலை மிக இலேசாக்கினாலோ கழுத்தின் பக்கம் சாய்ந்து இடக்கையை இழுக்கும். பலாவும் மகாகனியும் நடுநிலை எடையின. பலாவைக் கொண்டு, உள்ளே ஒரு லிட்டர் அளவிற்குக் குடைந்து மூடினால் எடை ஏறக்குறைய 2 கிலோவில் நிற்கும். வீணைக்குரிய மரம் புதுக்கருவியிலும் வாழ்ந்ததாகும்.

எவ்வகை மரமாயினும் ஈரம் உலர்ந்திருத்தல் தலையாயது. ஓர் அங்குலக் கனத்திற்கு ஓராண்டு நிழலில் உலர்த்துக என்பது தச்சர் வாய்பாடு. 45 மி.மீ. கனமுள்ள உடலுக்கு இரண்டாண்டு ஆகும். காத்திருக்க இயலாதார்க்கு ஒரு வழி உண்டு. இடித்த பழைய வீடுகளின் உத்திரமும் கதவும் விற்கும் கடைகளில், பல்லாண்டு உலர்ந்த தேக்கு கிடைக்கும். ஆணித்துளையும் உளுவும் உண்டோ என்று சீவகன்போல் நுணுகி நோக்கி வாங்குக. புதுமரமாயின் மாதம் ஒருமுறை எடை பார்க்க. எடை குறைதல் நின்ற பின்னரே உளி படலாம்.

தந்தி

வீணையில் எஃகுத் தந்தியும் பித்தளைத் தந்தியும் உண்டு. பித்தளை காந்தத்திற்கு அடங்காதது; அதனைப் பாஸ் கிதாரிற் பூட்டிற் பிக்கப் ஊமையாகும். இங்கே எஃகே வேண்டும். எஃகு நடுக்கம்பியின்மேல் மற்றொரு கம்பியைச் சுற்றிச் செய்யும் தந்தியே பாஸ் தந்தி. கனமும் வேண்டும், வளையும் தன்மையும் வேண்டும் என்னும் இரு தேவைகளைச் சுற்றுக்கம்பி நிறைவேற்றுகின்றது. நான்கு தந்திகளின் விட்டம் அங்குலத்தில் ஆயிரத்துக்கு 45 முதல் 105 வரை அமைதல் பெருவழக்கு.

சுற்றுக்கம்பி உருண்டையாயின் ஒலி கூர்மையாகும்; தட்டையாயின் ஒலி மழுங்கி ஆழ்ந்திருக்கும். பழவேற்காட்டு உப்பங்கழிக்கு அண்மையிலுள்ள எளாவூரில் உப்புக்காற்றும் வியர்வையும் தந்தியின் பகைவர். உருண்டைச் சுற்றின் இடுக்குகளில் அழுக்கும் உப்பும் புகுந்து சில மாதங்களில் ஒலியைக் கெடுக்கும். துருவேறா எஃகாலான தட்டைச் சுற்றுத் தந்தி ஆண்டுக்கணக்கில் உழைக்கும், மெட்டையும் தேய்க்காது. விலை சற்று மிகுதியாயினும் அதுவே சிக்கனம். பலர் சேர்ந்து பாடுங்கால் குரல்களோடு மோதாது கீழே நின்று தாங்குதற்கும் அம்மழுங்கிய ஒலியே ஏற்றது. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்தியைத் துடைத்தலை மறத்தல் கூடாது.

காந்தமும் இரைச்சலும்

பிக்கப் தெரிவதிலும் பலர் அறியாத நுட்பம் ஒன்றுண்டு. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை திசைமாறுவது. மின்கம்பிகள், விசிறிகள், விளக்குகள் அருகே ஒற்றைச் சுருள் பிக்கப் அவ்வதிர்வையும் அதன் இருமடங்கான நூறையும் பற்றி இரைச்சலாக்கும். பாஸ் கிதாரின் ஜி என்னும் சுரங்களோ வினாடிக்கு 49-உம் 98-உம் ஆகிய அதிர்வுடையன. இரைச்சல் பாட்டின் நடுவே, சுரத்திற்கு மிக அண்மையில் வந்து அமர்கின்றது. பிற கருவிகளிற் செய்வதுபோல் அதனை வடிகட்டினாற் சுரமும் உடன் போகும். இரு சுருள்களை எதிரெதிராக அமைத்தால் இரைச்சல் ஒன்றையொன்று அழிக்க, தந்தியின் ஒலி மட்டும் கூடும். 1957 முதல் பிரிசிஷன் பாஸில் அமைந்த இருகூறான பிக்கப் இத்தகையது. அதனையே கொள்க. பிக்கப் பதியும் குழியில் செப்புத்தாள் ஒட்டி நிலத்தொடர்புக் கம்பியோடு இணைத்தலும், ஆலயத்து மின்னிணைப்பில் எர்த் முறையாக உள்ளதா என்று பார்த்தலும் வேண்டும். பின்னது இரைச்சலுக்கு மட்டுமன்றி உயிருக்கும் காவல்.

தச்சரிடம் கொடுக்கும் குறிப்பு

மேற்கூறியவற்றைத் தொகுத்து எழுதிக் கொடுத்தல் நலம், வாய்ச்சொல் மறக்கப்படும். நான்கு தந்தி; நீளம் 864 மி.மீ.; மெட்டு 20; மேருவின் அகலம் 42 மி.மீ.; குதிரையில் தந்திகளின் இடைவெளி 19 மி.மீ.; கழுத்து மூன்று பட்டை ஒட்டியது, எஃகுக்கோலுடன்; விரற்பலகை தோதகத்தி; உடல் உட்குடைந்த பலா, கனம் 45 மி.மீ.; பிக்கப் இருகூறானது; தந்தி துருவேறா எஃகில் தட்டைச் சுற்று; முழு எடை 4 கிலோவுக்கு மேற்படலாகாது. உட்குடைவு உட்பட மரத்தின் முகம் யாவும் ஈரம் புகாதபடி பூச்சுப் பெறல் வேண்டும்.

இக்குறிப்பில் மரவகை இறுதியில் முடிவாயிற்று என்பதை அன்பர் நோக்குக. எவ்வொலி வேண்டும் என்பது முதலில். அதற்கு ஏற்ற நீளம் அடுத்தது. நீளத்திற்கு ஏற்ற தந்தி அதன்பின். அத்தந்தியைத் தாங்கும் மரம் ஈற்றில். பணம் குறைந்தவர்க்கு இவ்வொழுங்கே பெருந்துணை. எங்கே குறைக்கலாம், எங்கே குறைத்தலாகாது என்பதை அது காட்டும். அழகிய பூச்சையும் அரிய பலகையையும் விட்டுவிடலாம். உலர்ந்த கழுத்தையும் நேர்மையான அளவையும் விட்டுவிடலாகாது. நரம்புக் கருவிகளால் இறைவனைத் துதிக்குமாறு நூற்றைம்பதாம் சங்கீதம் நம்மை அழைக்கின்றது. உழைத்து ஈட்டிய பொருளிற் சிறிது சிறிதாய்ச் சேர்த்துச் செய்விக்கும் கருவி நெடுநாள் நின்று அத்துதிக்குத் தாங்கலாகுமாறு, மரத்தையும் நரம்பையும் அறிந்து தெரிதல் எளாவூர் இளைஞர்க்கு மட்டுமன்றி நம் அனைவர்க்கும் கடனாகும்.